மூன்றில் ஒரு பங்கு குறைவு

ஆனை நுழைந்த வாசலில் வால் சிக்கிக்கொண்டது என்பார்கள். அர்லீஸ் க்விஸ்ட்டுக்கு நடந்தது அதுதான். நூற்று இருபது கிரெடிட் சேர்ந்தால் பட்டம். அவள் கணக்கில் நூற்றுப் பத்தொன்பது சேர்ந்திருந்தது, அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கும் இருந்தது. மீதி மூன்றில் ஒரு பங்கைக் காணோம்.

கடிதம் ஏப்ரல் முதல் வாரத்தில் வந்தது. சாலையோரப் பள்ளத்தில் பனி இன்னும் அழுக்காகக் கிடந்தது. தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, அர்லீஸ் அதை இரண்டு முறை படித்தாள். "தங்கள் மொத்தம் 119.67. தாங்கள் பட்டத்துக்குத் தகுதி பெறவில்லை. தங்களுக்கு இனிய நாளாக அமையட்டும்."

அவளுக்கு வயது ஐம்பத்தேழு. பதினெட்டு வயதில் இரட்டை நகரம் என்கிற மாநிலத் தலைநகரத்துப் பெரிய பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் படித்தாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் சொந்த ஊரான ஸ்டோர்விக்குக்குத் திரும்பி வந்துவிட்டாள். வெண்டல் க்விஸ்ட்டைக் கல்யாணம் செய்துகொண்டாள். பண்ணையில் விளைந்த சர்க்கரை பீட்ரூட் விலை போகாத காலத்தில் இருவரும் வடக்கே இரும்புச் சுரங்கத்துப் பக்கம் இரண்டு வருஷம் பிழைக்கப் போனார்கள். அங்கே ஒரு இரண்டாண்டுக் கல்லூரியில் கொஞ்சம் படித்தாள். ஊர் திரும்பிப் பிள்ளைகளை வளர்த்தபின் பக்கத்து ஊர்க் கல்லூரியில் சாயங்கால வகுப்பு. கோடையில் சர்ச் நடத்தும் கல்லூரி. அங்கே ஒரு பாட்டுப் பாடிய பிறகுதான் கரும்பலகை பக்கம் போவார்கள். கடைசியில் எழுபது மைல் தெற்கே இருந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மடிக்கணினியிலேயே பாதிப் பாடம் முடித்தாள். ஆக, ஐந்து கல்லூரி. எல்லாம் மினசோட்டாவுக்குள்ளேதான். ஒரே மாநிலம், ஒரே சட்டம், ஒரே குளிர். ஆனாலும் ஒருவர் படி இன்னொருவர் மரக்காலுக்கு ஒத்துவராது.

அவள் முதலில் படித்த இரண்டு இடத்திலும் அந்தக் காலத்தில் வருஷத்தைக் காலாண்டுகளாக வெட்டிப் பாடம் நடத்தினார்கள். பிறகு எல்லோரும் செமஸ்டருக்கு மாறினார்கள். பழைய கிரெடிட் மூன்று கொடுத்தால் புதிய கிரெடிட் இரண்டு. அவளிடம் இருந்த பழையது நாற்பத்தாறு. அதை மாற்றினால் முப்பதும் மூன்றில் இரண்டும் வரும். மூன்று வருஷமாக அவளுக்கு ஆலோசகராக இருந்த பையன் நல்ல மனசுக்காரன், அதைப் பென்சிலால் முப்பத்தொன்று என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்றும் வரைந்து வைத்திருந்தான். இப்போது அவன் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டான். கடைசிக் கணக்கைப் போட்ட இயந்திரத்துக்குச் சிரிக்கத் தெரியவில்லை.

பட்டம் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். ஸ்டோர்விக் நூலகத்தில் அர்லீஸ் இருபத்தாறு வருஷமாக உதவியாளர். தலைமை நூலகர் வேலைக்குப் பட்டம் வேண்டும் என்பது கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகத்தின் விதி. எந்தப் பாடமானாலும் சரி, பட்டம் வேண்டும். இரண்டு தடவை அந்த நாற்காலி காலியானது. இரண்டு தடவையும் இளசாக ஒருத்தரை அனுப்பினார்கள். கொதிகலனை எந்தப் பக்கம் உதைத்தால் சூடு வரும் என்பதிலிருந்து எல்லாவற்றையும் அர்லீஸ்தான் சொல்லிக்கொடுத்தாள். இருவருமே இரண்டு குளிர்காலம் பார்த்துவிட்டு நகரத்துக்கு ஓடிவிட்டார்கள். மூன்றாம் தடவையாக அந்த நாற்காலி இப்போது காலி. விண்ணப்பிக்கக் கடைசி நாள் மே முப்பத்தொன்று, சாயங்காலம் நாலரை மணி. இந்தத் தடவை அதில் தானே உட்காருவது என்று அவள் தீர்மானித்திருந்தாள். வெளியே யாரிடமும் சொல்லவில்லை. வெண்டலிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

மறுநாளே எழுபது மைல் ஓட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். பதிவாளர் பெயர் டிபாலோ. நியூ ஜெர்சிக்காரர். வந்து மூன்று வருஷமாகியும் குளிர் பழகவில்லை, அறைக்குள்ளேயே கோட்டைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். பேச்சு வேகம், கை அதைவிட வேகம். கடிதத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடியும் கடிதத்தைப் பார்த்தார்.

மூன்றில் ஒரு பங்குக்காகவா ஒரு பொம்பளையை எழுபது மைல் ஓட வைத்தார்கள் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். மூன்றில் ஒரு பங்கு கிரெடிட்டை உலகத்தில் எந்தக் கல்லூரியும் விற்காது, அது ஒரு பாடத்தில் ஐந்து வாரம் உட்கார்ந்து எழுந்து போவது போல என்றார். பிறகு வழியையும் அவரே சொன்னார். விதியைத் தளர்த்தித் தர விலக்குக் கமிட்டி என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு மனு எழுதிப் போட்டால் போதும்.

"பத்து நிமிஷ வேலைம்மா. நானே எழுதிடறேன். எழுதட்டுமா?"

"ஐயோ, என்னால உங்களுக்கு எதுக்கு சிரமம்," என்றாள் அர்லீஸ். "வேண்டாங்க."

அவள் எப்போதும் சொல்கிற பதில்தான் அது. ஸ்டோர்விக்கில் தொட்டில் குழந்தைக்குக்கூட அது தெரியும். ஒருவர் ஒன்றைத் தருகிறேன் என்றால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை கேட்டால், உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால் பார்க்கலாம் என்று இழுக்க வேண்டும். மூன்றாம் தடவை, சரி, நீங்கள் இவ்வளவு சொல்வதால் என்று கையை நீட்ட வேண்டும். முதல் தடவையே வாங்கிக்கொள்கிறவனை அலைகிறவன் என்பார்கள். ஒரு தடவை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துகிறவனைக் கல்நெஞ்சுக்காரன் என்பார்கள்.

டிபாலோ ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்தினார்.

"சரிம்மா, உங்க இஷ்டம்," என்று கோப்பை மூடினார்.

அர்லீஸ் எழுந்திருக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கைப்பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடித்தாள். ஜன்னலைப் பார்த்தாள். ஏரியில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை போலிருக்கிறதே என்றாள். டிபாலோவும் ஜன்னலைப் பார்த்தார், ஆமாம் என்றார்.

"வேற ஏதாவது வேணுமாம்மா?"

"ஒண்ணுமில்லைங்க," என்று எழுந்து வந்துவிட்டாள்.

வெண்டல் கொட்டகையில் விதைப்பு இயந்திரத்துக்கு அடியில் படுத்துக் கிடந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அர்லீஸ் அந்தக் காலிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள். கீழே ஸ்பானர் சத்தம் நின்றது.

"ஒரே ஒரு தடவைதான் கேட்டாரா?"

"ஒரே தடவை."

வெண்டல் வெளியே வந்து துணியில் கை துடைத்தார். ரொம்ப நேரம் யோசித்தார். யோசிக்கும்போது அவருக்குக் கீழுதடு முன்னால் வந்துவிடும்.

"அப்போ அவருக்கு மனசு இல்ல. பேச்சுக்குக் கேட்டிருப்பாரு."

"நல்ல மனுஷனாத்தான் தெரிஞ்சாரு. நியூ ஜெர்சிக்காரராம்."

"ஓ," என்றார் வெண்டல். அந்த ஓ-வில் எல்லாம் அடங்கியிருந்தது. பிறகு, அவசரப்பட வேண்டாம், வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்து அவரே கூப்பிடுவார் என்று சமாதானம் சொன்னார்.

அர்லீஸ் பத்து நாள் காத்திருந்தாள். தொலைபேசி அடித்தபோதெல்லாம் ஓடினாள். ஒரு தடவை விதைக் கம்பெனிக்காரன், நாலு தடவை சர்ச், ஒரு தடவை உங்கள் காருக்கு உத்தரவாதம் முடிந்துவிட்டது என்று சொல்கிற ஒரு குரல். டிபாலோ மட்டும் கூப்பிடவில்லை. காத்திருக்க காத்திருக்க அவளுக்கு அந்த மனுஷன் மேல் கோபம் ஏறியது. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா, இரண்டாம் தடவை கேட்டால் நாக்குத் தேய்ந்துவிடுமா என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே முணுமுணுத்தாள்.

பிறகு தானே கிளம்பினாள். மூன்றில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் முழுசாக ஒன்றை வாங்கிவிடுவது என்று பார்த்தாள். பக்கத்து ஊர்க் கல்லூரியில் ஒரு நாள் படகு ஓட்டக் கற்றுக்கொண்டால் ஒரு கிரெடிட் உண்டு. மே நாலாம் தேதி, ஐஸ் மிதக்கிற தண்ணீரில், இருபது வயதுப் பிள்ளைகளோடு போக அவள் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் மதிப்பெண் பட்டியல் இங்கிருந்து அங்கே போய்ச் சேர ஆறு வாரம் ஆகுமாம். காரில் போனால் ஒரு மணி நேரம்தானே, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றாள். உங்கள் கை பட்டால் அந்தக் காகிதம் செல்லாதே என்று அங்கிருந்த பெண் வருத்தப்பட்டாள். சர்ச் கல்லூரியில் அடுத்த வகுப்பு ஜூன் பத்தாம் தேதிதான் ஆரம்பம். அவர்கள் ரொம்பப் பிரியமாகப் பேசி, அவளுக்காக ஜெபிப்பதாகச் சொன்னார்கள். இரட்டை நகரத்துப் பெரிய பல்கலைக்கழகத்தில் தொலைபேசியில் நாற்பது நிமிஷம் பியானோ கேட்டாள். கடைசியில் ஒரு குரல் வந்து, உங்கள் கணக்கு சரியாக இருக்கிறது, வாழ்த்துகள் என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

எல்லோரும் நல்லவர்கள். ஒருத்தராவது முகத்தைச் சுளித்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். ஆளுக்கொரு கைப்பிடி இரக்கத்தை அள்ளிக் கொடுத்து அனுப்பினார்கள், அந்த இரக்கத்தைக் கொண்டுபோய் எங்கே பதிவு செய்வது.

மே கடைசி வாரம் ஆகிவிட்டது. அப்போதுதான் ஒரு விஷயம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. வடக்கே சுரங்கத்துப் பக்கம் இருந்தபோது முதலுதவி வகுப்பு ஒன்றுக்குப் போயிருந்தாள். பத்து வாரம் போனது நன்றாக நினைவிருந்தது, ஆனால் பட்டியலில் அது இல்லை. பழைய கிரெடிட் ஒன்று. புதுக் கணக்கில் மூன்றில் இரண்டு. அது வந்தால் போதும், மிச்சமே வரும்.

புதன்கிழமை விடியும் முன்பே கிளம்பி ஐந்து மணி நேரம் ஓட்டினாள். போய்ப் பார்த்தால் கல்லூரியின் பெயரே மாறியிருந்தது. நாலு கல்லூரியை ஒன்றாக்கி ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பழைய பதிவெல்லாம் இன்னொரு வளாகத்தில், இன்னும் முப்பது மைல் தள்ளி. அங்கே வெர்னா என்று ஒரு பெண்மணி காபி கொடுத்தாள், பேரப்பிள்ளைகள் எட்டுப் பேரின் படத்தையும் காட்டினாள், அதன் பிறகுதான் அலமாரியைத் திறந்தாள். மஞ்சள் பூத்த அட்டை ஒன்றை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள்.

"பேரு இருக்கு. பத்து வாரமும் வந்திருக்கீங்க. ஆனா கடைசிப் பரீட்சை செய்யலைன்னு எழுதியிருக்கு."

அர்லீஸுக்கு அது அப்போது நினைவுக்கு வரவில்லை. அட்டையைக் கையில் வாங்கி, வாத்தியாரின் சாய்ந்த எழுத்தைப் பார்த்தபோதுதான் நினைவு வந்தது. மூச்சு ஊதிக் காட்ட ஒரே ஒரு ரப்பர் பொம்மைதான் இருந்தது. பதினாலு பேர். எல்லோரும் ஒவ்வொருவராகப் போய் மண்டியிட்டு ஊத வேண்டும். நீங்கள் முதலில் போங்கள் என்றாள் அர்லீஸ் பக்கத்திலிருந்தவளிடம். பிறகு அடுத்தவளிடம். பிறகு அதற்கடுத்தவளிடம். கடைசியில் மூன்று பேர் மிச்சம். மூன்று பேரும் நீங்கள் போங்கள், இல்லை நீங்கள் போங்கள் என்று பொம்மையைச் சுற்றி நின்றுகொண்டே இருந்தார்கள், மணி அடித்துவிட்டது. பொம்மையைத் திருப்பித் தர வேண்டும், அதைக் கேட்டுத் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஆள் வந்து நிற்கிறான். வாத்தியார் தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

"இதே குறிப்பு இன்னும் ரெண்டு பேருக்கும் இருக்கு," என்றாள் வெர்னா, மற்ற அட்டைகளைப் புரட்டி. "ஏன்னு எனக்கு இத்தனை வருஷமாப் புரியலை."

அர்லீஸ் சொன்னாள். வெர்னா சிரிக்கவில்லை. "நானா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன்," என்றாள் மெதுவாக.

திரும்பும் வழியில் அர்லீஸ் காரில் சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தாள். முதல் நூறு மைல் வாத்தியாரைத் திட்டினாள். அடுத்த ஐம்பது மைல் ரப்பர் பொம்மையை. அதற்கப்புறம் திட்ட ஆள் இல்லாமல் போய், தன்னைத்தான் பிடித்துக்கொண்டாள். தலைமை நூலகர் வேலை முதல் தடவை காலியானபோது, நீங்கள் படித்து முடிக்கும்வரை பொறுத்துப் பார்க்கட்டுமா என்று கவுண்டி வாரியத் தலைவர் அவளிடம் கேட்டார். எனக்காக எதற்கு என்று அவள் சொன்னாள். அவர் இந்த ஊர்க்காரர்தான், இரண்டாம் தடவையும் கேட்டார். அவர் மூன்றாம் தடவை கேட்பதற்குள் யாரோ உள்ளே வந்துவிட்டார்கள். அவ்வளவுதான், நாலைந்து வருஷம் போயிற்று.

வீட்டுக்குப் போகும் திருப்பம் வந்தது. அவள் அதைத் தாண்டித் தெற்கே ஓட்டினாள். பல்கலைக்கழகத்தில் ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். டிபாலோ ஒரு கையில் சாவியோடு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த மனுவை எழுதுங்க," என்றாள் அர்லீஸ். மூச்சு வாங்கியது.

டிபாலோ அவளை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்சம் நேரமாயிற்று. "நீங்கதானே வேண்டாம்னு சொன்னீங்க?"

"முதல் தடவைதானே சொன்னேன்."

"அப்படின்னா?"

"நீங்க மறுபடியும் கேக்கணும். நான் கொஞ்சம் இழுக்கணும். அதுக்கப்புறம் நீங்க கேக்கணும்."

டிபாலோ சாவியைக் கோட்டுப் பையில் போட்டார். சுவரில் சாய்ந்துகொண்டார். "ஏம்மா, மூணு வருஷமா இந்த ஊர்ல ஒருத்தரும் என் வீட்டுக்குச் சாப்பிட வரலை. கூப்பிடாத ஆளில்லை. எல்லாரும் வேண்டாம்னு சொன்னாங்க. யாருக்கும் எங்களைப் பிடிக்கலைன்னு என் பொண்டாட்டி இங்கேர்ந்து கிளம்பணும்னு நிக்கறா. இதுதான் காரணமா?"

"எத்தனை தடவை கூப்பிட்டீங்க?"

"ஒரு தடவை. வேற எத்தனை தடவை கூப்பிடறது?"

அர்லீஸ் மூன்று விரலைக் காட்டினாள். அவர் கதவைத் திறந்து மறுபடியும் விளக்கைப் போட்டார். கமிட்டியின் இந்த வருஷத்துக் கடைசிக் கூட்டம் வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு. வெள்ளிக்கிழமைதான் மே முப்பத்தொன்று. பத்து நிமிஷ வேலை என்று சொன்னவர் ஏழு நிமிஷத்தில் எழுதி முடித்தார்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு அர்லீஸ் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தாள். கமிட்டியில் ஐந்து பேர். தலைவர் லாந்த்விக், வேதியியல் பேராசிரியர், வெளுத்த புருவம். மற்ற நால்வரும் பக்கத்துப் பண்ணை ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். மேஜை நடுவில் யாரோ சுட்டுக்கொண்டு வந்த எலுமிச்சை பார் என்கிற இனிப்புத் துண்டு ஒரு தட்டு நிறைய இருந்தது. டிபாலோ மனுவைப் படித்தார். படித்து முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

லாந்த்விக் தொண்டையைக் கனைத்தார். தனக்கு ஆட்சேபணை எதுவும் இருப்பதாகச் சொல்ல முடியாது, ஆனால் மற்றவர்கள் என்ன நினைக்கிறார்களோ என்றார். இசைப் பேராசிரியை, தலைவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே என்றாள். கணக்குக்காரர், இதைத் தவறு என்று சொல்லிவிட முடியாது என்றார். நாலாவது ஆள், சுவாரசியமான விஷயம்தான் என்றார். ஐந்தாவது ஆள் மற்ற நாலு பேரோடும் ஒத்துப்போவதாகச் சொன்னார். எதில் ஒத்துப்போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. பிறகு மழையைப் பற்றிப் பேச்சு வந்தது. பீட்ரூட் நட்டாயிற்றா என்று அர்லீஸிடம் அன்பாக விசாரித்தார்கள்.

தட்டில் கடைசி பார் ஒன்றே ஒன்று மிச்சம். கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். கணக்குக்காரர் அதைப் பாதியாக வெட்டி எடுத்தார். இசைப் பேராசிரியை மீதியைப் பாதியாக வெட்டினாள். லாந்த்விக் அந்தக் கால் துண்டிலும் பாதியை வெட்டினார். நகக்கண் அளவு துண்டு ஒன்று தட்டில் நின்றது. கத்தி மறுபடியும் கணக்குக்காரர் பக்கம் போனது. டிபாலோ கையை நீட்டி அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஐந்து பேரும் வெறும் தட்டைப் பார்த்தார்கள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே கால். இங்கிருந்து கவுண்டி அலுவலகம் போக ஒரு மணி பத்து நிமிஷம். லாந்த்விக், அவசரம் ஒன்றும் இல்லையென்றால் இதை இலையுதிர் காலக் கூட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும் என்று ஆரம்பித்தார். சொல்லிவிட்டு, அவளுக்குச் சம்மதம் என்றால்தான் என்று சேர்த்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

அவளுடைய வாய் தன் போக்கில், அதனாலென்ன பரவாயில்லைங்க என்று சொல்லத் திறந்தது. அர்லீஸ் அதை மூடினாள். எழுந்து நின்றாள்.

"எனக்குச் சம்மதம் இல்லைங்க. எனக்கு இந்த மூணுல ஒரு பங்கு வேணும். இன்னிக்கு வேணும். குடுப்பீங்களா மாட்டீங்களா? மாட்டோம்னா மாட்டோம்னு சொல்லிடுங்க. வீட்டுக்குப் போய்க் களை எடுக்கறேன்."

அந்த அறையில் அப்படி ஒரு பேச்சு அதுவரை யாரும் பேசியதில்லை. நாலாவது ஆள் தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். லாந்த்விக்கின் காது சிவந்தது. அர்லீஸ் உட்காரவில்லை. அவள் பிறந்ததிலிருந்து பதில் வராமல் இவ்வளவு நேரம் நின்றதில்லை.

"குடுக்கலாமே," என்றாள் இசைப் பேராசிரியை, கையைத் தூக்கி.

அவள் கை தூக்கியதுதான் தாமதம், மற்ற நாலு கையும் ஒரே நேரத்தில் எழும்பியது. லாந்த்விக் கொஞ்சம் மனம் நொந்தவர்போல, "ஏப்ரல்லயே கேட்டிருந்தா ஏப்ரல்லயே குடுத்திருப்போமேம்மா," என்றார். டிபாலோ நெற்றியை மேஜையில் வைத்துக்கொண்டார்.

இருவரும் பதிவாளர் அறைக்கு ஓடினார்கள். மணி இரண்டு நாற்பது. டிபாலோ கணினியில் விலக்கு என்ற இடத்தில் 0.33 என்று அடித்தார். திரை கொஞ்சம் யோசித்தது. தகுதி பெறவில்லை என்று சொன்னது.

டிபாலோ மறுபடியும் அடித்தார். மறுபடியும் அதே பதில். கண்ணைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். கடிதத்தில்தான் இரண்டு இலக்கம். உள்ளே அது நாலு இலக்கம் வைத்திருந்தது. 119.6667. அதோடு 0.33 சேர்ந்தால் 119.9967.

அவர் நியூ ஜெர்சியில் கற்ற வார்த்தைகள் சிலவற்றைச் சொன்னார். அர்லீஸ் கேட்காததுபோல் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"முப்பத்துநாலுன்னு அடிங்க."

டிபாலோ அவளைப் பார்த்தார். "கமிட்டி மூணுல ஒரு பங்குன்னுதானேம்மா சொல்லிச்சு?"

"சொன்னாங்க. புள்ளிக்கு அப்புறம் எத்தனைன்னு சொல்லலையே. போய்க் கேட்டா இன்னொரு தட்டு பார் வேணும்."

டிபாலோ அடித்தார். 120.0067. அச்சு இயந்திரம் முனகிக்கொண்டு ஒரு தாளைத் துப்பியது. அவர் அதில் கையெழுத்துப் போட்டு, பல்கலைக்கழக முத்திரையை அழுத்தி, ஊதிக் கொடுத்தார். போகும்போது அர்லீஸ் கதவருகே நின்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெண்டலும் தானும் அவர் வீட்டுக்குச் சாப்பிட வருவதாகச் சொன்னாள். நான் கூப்பிடவே இல்லையே என்று அவர் திருதிருவென்று விழித்தார். அதைச் சரிசெய்ய நேரமில்லை என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

வழியில் நடவு இயந்திரம் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு ஆறு மைல் முன்னால் ஊர்ந்தது. ஓட்டினவன் அவளைப் பார்த்து மரியாதையாகக் கை அசைத்தான். ஒதுங்க மட்டும் செய்யவில்லை. அர்லீஸ் இருபது வருஷமாக அழுத்தாத ஹார்னை அழுத்தினாள்.

கவுண்டி அலுவலகத்துக்குள் நுழையும்போது மணி நாலு இருபது. ஜன்னலுக்குப் பின்னால் ஜோடீன் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் அர்லீஸுக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவள். கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தாள். அர்லீஸ் விண்ணப்பத்தையும் முத்திரைத் தாளையும் ஜன்னல் வழியே தள்ளினாள்.

ஜோடீன் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டாள். தாளைத் திருப்பித் தள்ளினாள். "இது எதுக்குங்க. பட்டம் இருக்கா இல்லையான்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல ஒரு டிக் போட்டா போதும். அதுக்கு மேல யாரும் பாக்கறதில்ல."

அர்லீஸ் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். வடக்கே போய் வந்த மைல், பியானோ கேட்ட நாற்பது நிமிஷம், ஐந்து கல்லூரி, முப்பத்தொன்பது வருஷம், எல்லாம் ஒரு கட்டத்துக்குள் ஒரு டிக்.

"நீங்க வீட்டுல பத்திரமா வச்சுக்குங்க," என்றாள் ஜோடீன் நல்ல மனசோடு. "கோப்பு வீங்கிடும்."

"இல்ல, ஜோடீன். நீ இதை வாங்கணும்."

"எனக்குச் சிரமம் ஒண்ணும் இல்ல, உங்களுக்குத்தான்..."

"வாங்கணும். படிக்கணும். தேதி முத்திரை போடணும். நான் பாத்துட்டுத்தான் போவேன்."

ஜோடீன் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசாமல் தாளை எடுத்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். விரல் அடிவரியில் நின்றது. நூற்று இருபதுக்கு மேல் இது என்ன சில்லறை என்று கேட்டாள். அது மிச்சம், முத்திரையைப் போடு என்றாள் அர்லீஸ். நாலு இருபத்தெட்டுக்கு முத்திரை விழுந்தது.

அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது, ஆனால் ஜூலை கடைசியில்தான். விண்ணப்பித்தவர்கள் இரண்டே பேர், மற்றவர் வேறு மாநிலத்தில் வேலை கிடைத்து விலகிவிட்டார். மிச்சமிருந்த ஒரே ஆளைத் தேர்ந்தெடுக்கக் கவுண்டி வாரியத்துக்கு மூன்று கூட்டம் தேவைப்பட்டது. மூன்றுக்கும் அர்லீஸ் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள், முதல் இரண்டிலும் எழுந்து நின்று பேசினாள். மூன்றாவது கூட்டத்தில் தலைவர் அவள் பக்கம் பார்த்து, மறுபடியும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அவள் எழுந்திருக்கப் போகிறாள் என்று தெரிந்ததும், வேண்டாம் வேண்டாம், உட்காருங்கள் என்று சொல்லி, வாக்கெடுப்பை ஆரம்பித்துவிட்டார்.